எந்தக் கை?

சென்ற மாதம் எங்கள் பள்ளியின் இளம் ஆசிரியைகள் மூவர் என் வீட்டுக்கு வந்திருந்தனர். இனிமேல் வீடுகளுக்கு நேரில் செல்ல வேண்டியதில்லை, தாய்மார்களைக் கைபேசித் திரையில் கண்டு வழி சொன்னால் போதும் என்று நிர்வாகம் முடிவு செய்திருக்கிறதாம். ஆகவே வீட்டுப் பார்வை என்னும் பணி எவ்வாறு நடைபெற்றது என்பதை ஆண்டு மலருக்கு நான் எழுதித் தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டனர். அவர்களுள் ஒருவர் தம் மகனுக்காகக் கூரியரில் வரவழைத்த மரச்சாமான் பெட்டியையும் எனக்குக் காட்டினார். மேலே மாண்டிசோரி என்று அச்சிட்டிருந்தது. வேலைப்பாடு நேர்த்தியாகவே இருந்தது. அதைக் குறை கூற எனக்கு மனமில்லை. எனினும் இருபத்தெட்டு ஆண்டுகள் இந்த மாவட்டத்தின் வீடுகளுக்குள் ஏறி இறங்கிய நான் ஒரு நாளும் பெட்டி சுமந்து சென்றதில்லை என்பதை அவர்களிடம் பெருமையுடன் தெரிவித்தேன். என் தோள்பையில் ஒரு குறிப்பேடும், ஒரு பென்சிலும், சிந்தியதைத் துடைக்க ஒரு பழந்துணியுமே இருந்தன.

நான் எட்டாம் வகுப்பு வரையில் படித்தவள். நாகர்கோவிலில் ஒரு சிறிய மாண்டிசோரி பள்ளியில் ஆயாவாகச் சேர்ந்தேன். முதல் மூன்று ஆண்டுகள் தரை துடைத்தேன், குழந்தைகளின் கால் கழுவினேன், வகுப்பு நடக்கும்போது வாசலருகே நின்று கவனித்தேன். நூலகத்திலிருந்து தமிழில் கிடைத்தவற்றை இரவல் பெற்றுப் படித்தேன். எங்கள் சபையின் மாத இதழைப் பார்த்து வாக்கியம் அமைக்கக் கற்றுக்கொண்டேன். இதற்கு மேல் என் பயிற்சியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

என்னை வீட்டுப் பார்வையாளராக உயர்த்தியவர் தலைமையாசிரியை ரோஸ்லின் டீச்சர். அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை, பாராட்டியும் கேட்டதில்லை. வெள்ளைப் புடவையோடு தரையில் அமர்ந்து, ஒரு செம்பிலிருந்து இன்னொரு செம்புக்குப் பயறு ஊற்றுவதைக் குழந்தைக்குக் காட்டுவார். காட்டும்போது வாய் திறக்க மாட்டார். கை மிக மெதுவாக நகரும். செம்பின் வாயில் கடைசிப் பயறு விழும் ஓசை அடங்கும்வரை அந்தரத்தில் நிற்கும். பிறகு செம்புகளைக் குழந்தையின் பக்கம் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். குழந்தை சிந்தினாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். நான் ஓடிப்போய் அள்ளக் குனிந்தால், “ஞானம், கையைப் பின்னால கட்டு,” என்பார். அவ்வளவுதான். பெரியவர்களின் கையைக் கட்டுவதே எங்கள் தொழிலில் முதல் பாடம் என்பதை நான் அவரிடமே அறிந்தேன்.

சனிக்கிழமைதோறும் என் குறிப்பேட்டை அவர் படிப்பார். கையில் ஒரு சிவப்புப் பென்சில் இருக்கும். “பிள்ளை அழகாகத் தண்ணீர் ஊற்றினாள்” என்று எழுதியிருந்தால் அழகாக என்னும் சொல்லை அடித்துவிடுவார். “அழகுங்கது உன் அபிப்பிராயம். அவ என்ன செய்தா? அதை எழுது,” என்பார். சொல்லை வீணாக்காமல் எழுத வேண்டும் என்னும் ஒழுக்கம் எனக்கு அந்தச் சிவப்புக் கோடுகளால் வந்தது.

வீட்டுப் பார்வையின் முறை இதுவே. முதல் வருகையில் நான் எதையும் மாற்றச் சொல்வதில்லை. குழந்தையின் உயரத்துக்குத் தரையில் அமர்ந்து அந்த வீட்டைச் சுற்றிப் பார்ப்பேன். தண்ணீர்ப் பானை அதன் கைக்கு எட்டுகிறதா, சட்டை தொங்கும் ஆணி எட்டுகிறதா, சிந்தினால் துடைக்கும் துணி எங்கே கிடக்கிறது என்பவற்றைக் குறித்துக்கொள்வேன். இரண்டாம் வருகையில் தாயிடம் ஒரே ஒரு மாற்றத்தைக் கேட்பேன். பெரும்பாலும் அது ஒரு தாழ்ந்த முக்காலி. அதன் மேல் குழந்தைக்கென்று ஒரு சிறு செம்பு, ஒரு தம்ளர், ஒரு துணி. தாகம் எடுத்தால் குழந்தை தானே ஊற்றிக் குடிக்க வேண்டும். கேட்பதற்கு எளிது. ஆனால் ஊட்டி வளர்ப்பதையே அன்பு என்று நினைக்கும் நம் வீடுகளில் இந்த ஒரு செம்புக்காக நான் பட்ட பாடு சிறிதன்று.

குளச்சலில் ஒரு வீடு நினைவுக்கு வருகிறது. தந்தை வளைகுடாவில் இருந்தார். ஒவ்வொரு விடுப்பிலும் மகனுக்கு அவர் கொண்டுவந்த பொம்மைகள் யாவும் கண்ணாடி ஷோகேசுக்குள் பூட்டிக் கிடந்தன. மூன்று வயதுப் பையன் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்பான். சாவியைப் பற்றி நான் கேட்டபோது அவன் தாய், “தொறந்து விட்டா ஒடச்சிருவான் டீச்சர். அவியளு வந்து கேட்டா நான் என்ன சொல்ல?” என்றார். நான் சாவியை வற்புறுத்தவில்லை. ஷோகேசின் கீழ்த்தட்டை மட்டும் காலி செய்து தரும்படி கேட்டு, அங்கே ஒரு சிறு விளக்குமாறும், இரண்டு சிரட்டைகளும், ஒரு கிண்ணம் பயறும் வைத்தேன். அடுத்த வாரம் நான் சென்றபோது, பையன் பகல் முழுவதும் வீட்டைப் பெருக்குகிறான் என்றும், மேல்தட்டை நிமிர்ந்தும் பார்ப்பதில்லை என்றும் தாய் முறையிட்டார். “கேக்கிறவ என்னைப் பத்தி என்ன நெனப்பா டீச்சர், ஆம்பளப் பிள்ளய வச்சு வேல வாங்குறேன்னு நெனைக்க மாட்டாளா?” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

இத்தகைய வெற்றிகள் எனக்குச் சற்றே தலைக்கனத்தைத் தந்திருந்தன என்பதை மறைக்க விரும்பவில்லை. அந்நிலையில்தான் மயிலாடி வீடு வந்தது.

மயிலாடியில் தாணு ஆசாரி என்னும் கல் சிற்பி இருந்தார். அவர் மனைவி பகவதி. ஒரே மகள் சிவகாமி, நான்கரை வயது. நகரத்து ஆங்கிலப் பள்ளியொன்று அவளைச் சேர்த்து, மூன்று மாதத்தில் திருப்பி அனுப்பிவிட்டது. பென்சில் பிடிக்க வரவில்லை, கேட்டால் பதில் இல்லை, மந்தம் என்று சொல்லிவிட்டார்கள். ஆசாரியின் அண்ணன் பேச்சிப்பாறைப் பக்கத்தில் தோட்ட மேற்பார்வையாளராக இருந்தார். அவர் விசாரித்து, வெகு தொலைவில் மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான விடுதியொன்றில் இடம் பேசி வைத்திருந்தார். விஜயதசமிக்கு வந்து ஏடு தொடங்கி வைத்துவிட்டு, மறுநாள் அவளை அழைத்துப் போவதாக ஏற்பாடு. யாரோ சொல்லி, கடைசி முயற்சியாகப் பகவதி எங்கள் பள்ளிக்கு வந்தார். அப்போது ஆடி மாதம் பிறந்திருந்தது.

நான் ஏழு முறை சென்றேன். முறைப்படி பாய் விரித்தேன். குழந்தையின் வலப்பக்கம் அமர்ந்தேன். காட்டுபவர் வலப்பக்கம் அமர்ந்தால்தான் வேலை செய்யும் கை குழந்தையின் பார்வையை மறைக்காது என்பது எங்கள் விதி. வாய் திறவாமல், மெதுவாக, செம்பிலிருந்து செம்புக்குப் பயறு ஊற்றிக் காட்டினேன். சிவகாமி வலக்கையால் செம்பைத் தூக்குவாள். பாதி பயறு பாயில் சிதறும். அவள் முகம் வெளிறும். மூன்றாம் வருகைக்குப் பின் செம்பைத் தொடுவதையே நிறுத்திவிட்டாள். ஏழாம் நாள் நான் பாயை விரித்தவுடன் எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அந்தப் பள்ளி சொன்னது சரிதானோ என்று நானும் எண்ணத் தொடங்கினேன். அதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுவே நடந்தது.

அந்தச் சனிக்கிழமை ரோஸ்லின் டீச்சர் ஏழு நாள் குறிப்புகளையும் முதலிலிருந்து படித்தார். “சிந்தினாள்”, “சிந்தினாள்”, “தொடவில்லை” என்று நான் எழுதியிருந்தேன். சிவப்புப் பென்சிலுக்கு வேலை இருக்கவில்லை. அவர் குறிப்பேட்டை மூடாமல் என்னைப் பார்த்தார்.

“எந்தக் கை?”

“வலக்கை டீச்சர்.”

“மற்றது என்ன செய்யுது?”

எனக்குத் தெரியவில்லை. ஏழு நாள் ஒரு குழந்தையின் பக்கத்தில் அமர்ந்திருந்தும், அதன் இடக்கை எங்கே இருந்தது என்பதை என்னால் சொல்ல முடியவில்லை. எப்போதும் வலப்பக்கம் அமர்ந்தவள் எப்படிப் பார்த்திருப்பேன்? விதியைப் பிடித்துக்கொண்டு குழந்தையை விட்டிருந்தேன். டீச்சர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. குறிப்பேட்டை என்னிடம் தந்து, “போய்ப் பாத்துட்டு வா,” என்றார்.

எட்டாம் வருகையில் நான் பாய் விரிக்கவில்லை. பயறையும் செம்புகளையும் தரையில் வைத்துவிட்டு, அறையின் மறுமூலையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அமர்ந்தேன். பகவதி மகளைச் சம்மணமிட்டு உட்கார வைத்தார். வைக்கும்போதே அவளுடைய இடக்கையை எடுத்து அவள் தொடைக்கு அடியில் செருகினார். ஆள் வந்தால் பாவாடையைச் சரி செய்வதைப் போல, மிக இயல்பாக அதைச் செய்தார். ஏழு முறையும் அதுதான் நடந்திருக்க வேண்டும். பிறகு அவர் அடுக்களைக்குச் சென்றார்.

கால் மணி நேரம் ஒன்றும் நிகழவில்லை. நான் ஜன்னலைப் பார்ப்பவள்போல் இருந்தேன். அப்புறம் அந்தக் கை தொடைக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. வாசலை ஒரு முறை பார்த்துவிட்டு, சிவகாமி பயறுகளை ஒவ்வொன்றாக இரண்டு விரல் நுனியால் எடுத்துச் செம்புக்குள் போட்டாள். ஒன்றுகூடத் தவறவில்லை. பின் செம்பைத் தூக்கி, அடுத்த செம்பின் வாய்க்கு நேராகப் பிடித்து, நான் ஏழு நாள் காட்டிய அதே வேகத்தில் சாய்த்தாள். கடைசிப் பயறு விழும்வரை கையை அந்தரத்தில் நிறுத்தினாள். எல்லாவற்றையும் அவள் பார்த்திருந்தாள். வேறு கையில் வைத்திருந்தாள். அடுக்களையில் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. கை மீண்டும் தொடைக்கு அடியில் போயிற்று.

பகவதியிடம் கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. பிறந்தது முதலே அவளுக்கு எதற்கும் பீச்சாங்கைதான் முந்துகிறதாம். அடித்துப் பார்த்தும் சரியாகவில்லை. இரண்டு ஆண்டுகளாகச் சாப்பாட்டு வேளையில் தந்தை தம் தோளில் கிடக்கும் துவர்த்துத் துண்டை எடுத்து அவளுடைய இடக்கையை இடுப்போடு சேர்த்துக் கட்டிவிடுவாராம். “பொம்பளப் பிள்ளைல்லா டீச்சர்,” என்றார் பகவதி. “நாளைக்கு இன்னொரு வீட்டுல போயி அந்தக் கையால சோறு விளம்பினா, அவளையா சொல்லுவாவ? பெத்தவளத்தான் சொல்லுவாவ.”

அவர் சொன்னது பொய்யன்று. நம் ஊரில் ஒரு வெற்றிலையைக்கூட இடக்கையால் நீட்டிவிட முடியாது. ஆகவே தாயிடம் வாதம் செய்யாமல் நான் ஆசாரியின் பட்டறைக்குச் சென்றேன். வழியெல்லாம் அவருக்குச் சொல்ல வேண்டியவற்றை வரிசைப்படுத்தினேன். நல்ல வாக்கியங்கள்தாம். ஆனால் பட்டறையில் அவற்றுள் ஒன்றையும் நான் சொல்லவில்லை.

ஆசாரி ஓர் அம்மன் முகத்தில் வேலையாக இருந்தார். வலக்கையில் சுத்தியல், இடக்கையில் உளி. சுத்தியல் தன்போக்கில் தட்டிக்கொண்டிருந்தது. அவர் கண் அதன் பக்கம் போகவே இல்லை. உளி நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கல் துண்டுகளுக்கு நடுவே ஒரு மணையில் அமர்ந்து, வெகுநேரம் கழித்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

“அண்ணாச்சி, புதுசா வேலைக்கு வாற ஆளுக்கு எந்தக் கை பழகத்தான் நாளாவும்?”

அவர் தலை நிமிராமலே சிரித்தார். “சுத்தியல எந்தப் பயலும் அடிப்பான் டீச்சரம்மா. உளி பிடிக்க ரெண்டு வருசம் ஆவும். ஒரு நூல் சரிஞ்சா அம்மனுக்கு மூக்கு போச்சில்லா. அறிவு பூரா உளி பிடிக்கிற...”

அத்துடன் நிறுத்திவிட்டார். சுத்தியலும் நின்றது. அவர் தம் இடக்கையைப் பார்த்ததை நான் பார்த்தேன். இதற்கு மேல் நான் ஒரு சொல் சொல்லியிருந்தாலும் அது என்னுடைய வெற்றியாகவும் அவருடைய தோல்வியாகவும் ஆகியிருக்கும். காட்டியாயிற்று, எழுந்து வந்துவிட்டேன். என் பணிக்காலத்தில் நான் செய்த சிறந்த வேலை எது என்று கேட்பவர்களுக்கு, அன்று அந்த மணையிலிருந்து எழுந்ததையே சொல்லுவேன்.

அடுத்த முறை சென்றபோது ஆசாரி வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். பாயின் மேல் உள்ளங்கை அகலத்தில் ஒரு மாக்கல் பலகை கிடந்தது. அதில் அகரம் வெட்டியிருந்தது. எங்கள் பள்ளியில் உப்புத்தாளில் எழுத்து வெட்டி அட்டையில் ஒட்டி வைப்போம், குழந்தைகள் அதை விரலால் தடவிப் படிப்பார்கள் என்று பகவதியிடம் நான் எப்போதோ கூறியதை ஆசாரி நினைவில் வைத்திருந்தார்.

“எங்கிட்ட உள்ளது கல்லுதான்,” என்றார். “பள்ளத்துல வெரல் வழுக்கிப் போவும், உரசாது. சொரசொரப்பு வேணும்னா இன்னும் ரெண்டு தட்டு தட்டித் தாறேன்.”

“துவர்த்து?” என்று கேட்டேன்.

“அது எந்தோள்ல கெடக்கட்டும்.”

அதன்பின் வேலை என்னுடையதாயிற்று. குழந்தையின் இடப்பக்கம் அமர வேண்டும். இடக்கையால் காட்ட வேண்டும். என் இடக்கையோ ஐம்பது ஆண்டுகளாக எதற்கும் உதவாத கை. இரண்டு வாரம் காலையும் மாலையும் வீட்டில் இடக்கையால் பயறு ஊற்றிப் பழகினேன், பிறகு தண்ணீர். கண்ணாடித் தம்ளர்கள் மூன்று போயின. என் கணவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, “இந்த வயசுல ஏனம் ஒடைக்கப் படிக்கியா?” என்று கேட்டார். சரியாக ஊற்ற இயலாத கையோடு ஒருவர் படும் வேதனை எத்தகையது என்பதை அந்தப் பதினான்கு நாளில் நான் உணர்ந்தேன். சிவகாமி அதை இரண்டு ஆண்டுகள் பட்டிருந்தாள்.

இடப்பக்கம் அமர்ந்து முதன்முறை காட்டிய நாளில் அவள் என் கையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். பெரியவர் ஒருவர் அந்தக் கையை வெளிப்படையாகப் பயன்படுத்தி அவள் கண்டது அதுவே முதல் தடவை. மறுநாள் பயறு சிந்தவில்லை. பதினைந்தாம் நாள் பயறு போய்த் தண்ணீர் வந்தது. மாக்கல்லின் அகரத்தைத் தடவித் தடவி அதன் விளிம்பு பளபளத்தது. பேச்சும் வந்தது. முதலில் செம்பு என்றாள். பிறகு என்னைப் பார்த்து, “நீங்க சிந்திட்டிய,” என்றாள். ஆம், நான்தான் சிந்தியிருந்தேன்.

ரோஸ்லின் டீச்சர் எங்கள் விதிப் புத்தகத்தை எடுத்து, “குழந்தையின் வலப்பக்கம் அமர்க” என்னும் வரியைச் சிவப்புப் பென்சிலால் அடித்தார். “வேலை செய்யும் கை எதுவென்று பார்த்து, அந்தப் பக்கம் அமர்க” என்று மேலே எழுதி, ஓரத்தில் என் பெயரையும் எழுதினார். எனக்குக் கிடைத்த விருது அது ஒன்றுதான். வேறொன்றுக்கு நான் ஆசைப்பட்டதுமில்லை.

விஜயதசமி வந்தது. என்னையும் அழைத்திருந்தார்கள். ஆசாரியின் அண்ணன் முந்தின நாளே வந்துவிட்டார். விடுதிக்காரர்கள் அனுப்பிய படிவம் அவருடைய சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. சிவகாமிக்கு இப்போது எல்லாம் வருகிறது என்று தம்பி கடிதத்தில் எழுதியதை அவர் நம்பியிருக்கவில்லை. பிள்ளையை அனுப்ப மனமில்லாத தகப்பன் அப்படித்தான் எழுதுவான் என்று என்னிடமே சொன்னார். கெட்ட மனிதர் அல்லர். அந்தப் பிள்ளைக்கு ஒரு வழி செய்ய வேண்டும் என்று உண்மையாகவே அலைந்தவர்.

தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பினார்கள். குடும்பத்தில் மூத்தவர் என்ற முறையில் அவர் சிவகாமியை மடியில் இருத்தி, அவளுடைய வலக்கை விரலைப் பிடித்தார்.

“அண்ணே, அந்தக் கை இல்ல,” என்றார் தாணு ஆசாரி.

“பின்னே?”

“மற்றது.”

“நல்ல நாளும் அதுவுமா என்னடே இது?”

உறவினர் சிலர் சூழ நின்றிருந்தனர். ஆசாரி எல்லாருக்கும் கேட்கும்படி, அவசரப்படாமல் பதில் சொன்னார்.

“அந்தக் கைய நாந்தான் கெட்டிப் போட்டேன் அண்ணே. பிள்ளைக்கு ஒரு கொறையும் இல்ல. கொற எங்கிட்டயாக்கும்.”

அண்ணன் பிடித்திருந்த விரலை விட்டுவிட்டார். இடக்கை விரலையும் அவர் பிடிக்கவில்லை. யாரும் பிடிக்கவில்லை. சிவகாமி சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு விரலைச் சேர்த்து அரிசியில் வைத்து, கல்லில் தடவிய அதே பாதையில் அகரத்தைத் தானே எழுதினாள். எழுதி முடித்து மடியிலிருந்து இறங்கிப் போய்விட்டாள்.

அண்ணன் தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் கை வைத்தார். படிவத்தை எடுக்கவுமில்லை, கையை எடுக்கவுமில்லை.

அப்போது சிவகாமி திரும்பி வந்தாள். வியர்த்துப்போய் அமர்ந்திருந்த பெரியப்பாவுக்குத் தாகமாக இருக்கும் என்று அவளாகவே எண்ணியிருக்கிறாள். முக்காலியிலிருந்த தன் செம்பிலிருந்து தம்ளர் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, அதை இடக்கையில் ஏந்திக்கொண்டு, ஒவ்வோர் அடியாக வைத்து நடந்து வந்தாள். பகவதி பதறி எழப் போனார்; நான் அவர் முந்தானையைப் பிடித்து இருத்தினேன். பெரியவருக்கு, நல்ல நாளில், அத்தனை பேர் நடுவில், அந்தக் கையால் தண்ணீர். அவள் அவர் முன் நின்று தம்ளரை நீட்டினாள்.

அவர் தம்ளரைப் பார்த்தார். விளிம்பில் தண்ணீர் தளும்பாமல் நின்றது. தரையைப் பார்த்தார், அவள் நடந்து வந்த வழியில் ஒரு சொட்டும் இல்லை. பிறகு சட்டைப் பையிலிருந்த கையை எடுத்து, இரண்டு கைகளாலும் அதை வாங்கி, அண்ணாந்து முழுவதையும் குடித்தார்.

வெறும் தம்ளரை அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

“இன்னும் கொஞ்சம் கொண்டா மக்ளே,” என்றார்.